குந்தத் தெரியாத பொம்மை

பொம்மைக்கு கிதார் வாங்குறவனுக்கு மொதல்ல வேண்டியது துட்டு இல்ல கண்ணு, நல்லதா ஒரு பொய்யி. உன்னாண்ட அதுதான் இல்ல. கொரியர்காரன் வாசல்ல நிக்கிறான், உன் ஊட்டுக்காரி "இன்னா பார்சல்?"னு கேக்குறா, நீ "சார்ஜர்"ன்னுட்டு ரூமுக்குள்ள ஓடுற. மாசத்துக்கு எத்தினி சார்ஜர்டா வாங்குவான் ஒரு மனுஷன்? அந்தப் பொண்ணு பி.காம். படிச்சிட்டு மணலியில ஒரு கம்பெனிக்கு கணக்கு எழுதுது. அதாண்ட போயி கள்ளக் கணக்கு காட்டுறியே, உன்ன இன்னா சொல்றது. இனிமே "கொலுவுக்கு வாங்கினேன்"னு சொல்லு. கொலுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா எந்த ஊட்டுலயும் வெலை கேக்க மாட்டாங்க. புரட்டாசியில கேட்டா இந்த வருஷத்துக் கொலு, மாசியில கேட்டா அடுத்த வருஷத்துக் கொலு. "நம்ப ஊட்டுலதான் கொலுவே வைக்கிறது இல்லியே"ன்னு அது மடக்கினா, "அதான், இந்த வருஷம் ஆரம்பிக்கலாம்னு..."ன்னு இழு. வாய இழுக்கறதுக்கு வரி கெடையாது.

உன் பொம்மைக்குத்தான் வரி கீது. 20 சதவீதமா இருந்த சுங்கவரிய 2020-ல 60 ஆக்கினாங்க, 2023-ல 70 ஆக்கிட்டாங்க. 2021 ஜனவரியிலேர்ந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை வேற இருக்கணுமாம். நான் ஹார்பர்ல வின்ச் ஓட்டினவன், எனக்குத் தெரியாத சரக்கு கெடையாதுன்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன். மூட்டை மூட்டையா எறக்கின காலத்துல கப்பல்ல இன்னா வந்துக்கீதுன்னு மூக்கே சொல்லும். கந்தகமா, கோதுமையா, உரமான்னு கண்ண மூடிக்கினு சொல்லுவோம். 1983-ல கன்டெய்னர் டெர்மினல் தொறந்தாங்க, அப்பால எல்லாம் பூட்டின பொட்டி. எண்ணூர் ஹைவேஸ்ல டிரெய்லர் லாரிங்க வரிசை கட்டி நிக்குது, நாம டீக்கடையாண்ட நின்னுக்கினு அத்தத் திட்டுறோம். அதுல ஏதோ ஒரு பொட்டிக்குள்ள நம்ப பேராண்டியோட கிதார் ஒண்ணு தூங்கிக்கினு கீதுன்னு எனக்கு இப்பதான் தெரியுது. நீ கட்டின வரியில ரோட்டுல ஒரு பள்ளத்தையாவது மூடியிருக்கலாம். அத்தயும் மூடல.

சரி, பிரி, பாக்கலாம். கண்ணாடிய எடு, இது கண்ணாடி இல்லாம தெரியாத கிதாரு.

சோக்காத்தான் கீது. இல்லேன்னு சொல்லல. எட்டு சென்டிமீட்டர் தேறுமா? அதுக்குள்ள முறுக்காணி ஆறும் தனித்தனியா எழும்பி நிக்குது. ஒடம்புல சூரியன் மறையற நிறம், ஓரத்துல வெள்ளைக் கரை, மீட்டுற எடத்துல ஒரு சின்னக் கீறல் கூட வரைஞ்சிருக்கான் பாரு, ரொம்ப நாளா எவனோ வாசிச்ச கிதாருன்னு காட்டறதுக்கு. தந்தி மட்டும் இல்ல. தந்தி இருக்குற எடத்துல அச்சுல எழுந்த ஆறு கோடு. அத்தயும் தப்பு சொல்ல முடியாது. நெசக் கிதாரோட மெல்லிசுத் தந்தி கால் மில்லிமீட்டர்தான். அத்தப் பன்னெண்டுல ஒரு பங்கு ஆக்கினா தலைமயிரு கூட அதுக்கு முன்னாடி கயிறாத் தெரியும். எந்த ஆசாரியும் அதுக்கு முறுக்காணி போட முடியாது.

இந்தப் பன்னெண்டு கணக்க நல்லாப் புடிச்சிக்கோ. உன் பொம்மை ஆறு இன்ச்சு, பதினஞ்சு சென்டிமீட்டர். ஆறடி ஆளு பன்னெண்டுல ஒரு பங்கா சுருங்கினா அவ்ளோதான் வருவான். அப்போ அவன் கையில இருக்குற எல்லாத்தையும் பன்னெண்டால வகுக்கணும். மத்தத நான் அப்பால சொல்றேன்.

இது யாரு, பள்ளிக்கூடத்துப் பொண்ணா? ஜப்பான்காரன் 'கே-ஆன்'னு ஒரு கார்ட்டூன் எடுத்தான், பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க கூடி ராக் கோஷ்டி வைக்கிற கதை. மேக்ஸ் ஃபேக்டரி அதுங்கள 'ஃபிக்மா' வரிசையில கிதாரோட பொம்மையா வார்த்துட்டான். அது தெரியும், நீயே நூறு தபா சொல்லிக்கீற. பக்கத்துல மீசைக்காரன்? பிரெடி மெர்குரியா! பாதி மைக் ஸ்டாண்ட தூக்கிக்கினு நிக்கிறான் பாரு, வார்த்த பேண்டாய்க்காரன் அத்தக்கூட மறக்கல. இவன் ஒருத்தன வாங்கினதுக்கு உன்ன மன்னிச்சிடலாம். இங்கிலீஷ் பாட்டுக்காரன், பார்சி ஊட்டுப் புள்ள. நம்ப ராயபுரத்துல 1910-லேர்ந்து பார்சிங்களோட அக்னி கோயில் கீது, அந்தத் தெரு வழியாத்தான் தெனம் வண்டி ஓட்டிக்கினு போற. ஊட்டுல கேட்டா நம்ப ஏரியாப் பையன்னு சொல்லிடு.

கை மட்டும் தனியா ஜோடி ஜோடியா பொட்டியில அடுக்கி வச்சிக்கீறான். மூடின கை, விரிச்ச கை, கிதார் கழுத்தப் புடிக்கிற கை, மீட்டுற கை. மனுஷனுக்கு இருக்குற ரெண்டு கையிலயே ஒரு வேலையும் உருப்படியா நடக்கல, இதுக்கு இத்தினி. உன் வியாதிக்கு வேரு இங்கதான் கீது கண்ணு. கழண்டு வர்றது எல்லாம் ஒரு நாளு காணாமப் போவும். காணாமப் போனத தேடணும். தேடினா நம்மாண்ட கெடைக்காது, எங்கியோ ஒருத்தன் வச்சிருப்பான், அவன் முழு பொம்மை வெலையவிட அந்த ஒத்தைக் கிதாருக்கு அதிகமாக் கேப்பான். நீயும் குடுப்ப. குடுத்துட்டு என்னாண்ட வந்து "லாபம் தாத்தா"ன்னுவ.

கொலு பொம்மைக்கு இந்தத் தொல்லை கெடையாது. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவுல, பண்ருட்டியில, மதுரையாண்ட விளாச்சேரியில கச்சேரி செட்டுன்னு பண்ணுவாங்க. மிருதங்கக்காரனோட மடியும் மிருதங்கமும் ஒரே அச்சு. கடக்காரன் வயித்தோட கடம் ஒட்டிக்கினு கீது. பாட்டுக்காரம்மா கை தொடையிலேயே தாளம் போட்ட வாக்குல நின்னுடுச்சு, அது எந்த வருஷமும் தாளம் தப்பாது. பிடில்காரனுக்கு வில்லு மட்டும்தான் தனி. அதுவும் ரெண்டாம் வருஷமே தொலைஞ்சி, தொடப்பக் குச்சிய ஒடைச்சி வச்சிருப்பாங்க. தொடப்பக் குச்சிக்கு ஜப்பான்லேர்ந்து பார்சல் வர வேணாம்.

இப்ப ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத. இதுல எவனாவது ஒருத்தனக் கீழ குந்த வை, பாக்கலாம்.

நாக்காலியில வேணாம். அது எல்லாரும் குந்துவான். சம்மணம் போட்டு, தரையில, கச்சேரிக்குக் குந்துற மாதிரி. இடுப்புல உருண்டை மூட்டு, முட்டியில ரெட்டை மூட்டுன்னு பெருமை பேசினியே, மடக்கு. தொடை வெளிப்பக்கம் சாயுதா? சாயல. இன்னும் அமுக்கினா 'டக்'குன்னு கழண்டுக்கும், அப்பால நீ அழுவ. ஒண்ணு ரெண்டு ஜப்பான் பொம்மை எப்படியோ கால மடக்கிக் காட்டும். மடியில மிருதங்கத்த வச்சிப் பாரு, மல்லாக்கப் போவும். கை நீண்டு ரெண்டு தலையையும் தொடாது. தொட்டாலும், தட்டுற கை எங்க கீது உன்னாண்ட? புடிக்கிற கைதான் கீது.

அது பொம்மையோட குத்தம் இல்ல, வார்த்தவன் மனசுல சண்டை கீது. 1964-ல அமெரிக்காவுல ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ.ஜோன்னு ஒரு சிப்பாய எறக்குச்சு. ஆம்பளப் பசங்க பொம்மைன்னா வாங்க மாட்டானுங்கன்னு அதுக்கு 'ஆக்‌ஷன் ஃபிகர்'னு பேரு வச்சிட்டான். நீயும் "பொம்மை இல்ல தாத்தா, ஃபிகர்"ன்னு என்னத் திருத்துற பாரு, அந்த வேலைய அவன் அப்பவே முடிச்சிட்டான். சிப்பாய்க்கு வேண்டியது ஓடுற காலு, உதைக்கிற காலு, துப்பாக்கி புடிக்கிற கை. அந்த அளவுலதான் மத்தவனும் வார்த்தான். துப்பாக்கிய எடுத்துட்டு கிதார மாட்டினான், ரெண்டுக்கும் நின்னா போதும். குந்தறதப் பத்தி எவனும் யோசிக்கல. அமெரிக்காவுல தரையில குந்துறது பெரும்பாலும் கொழந்தைங்கதான்.

அதனால சொல்றேன், மயிலாப்பூர் மார்கழிக் கச்சேரி உன் பொம்மைக்கு இந்த ஜென்மத்துல வாய்க்காது. போன வாரம் "மினியேச்சர் வீணை ஒண்ணு பாத்தேன் தாத்தா, தஞ்சாவூர் வேலை"ன்னு என்னாண்ட வந்து நாக்க சப்புக் கொட்டின. வாங்காத. பலாமரத்துல கொடஞ்ச நல்ல சரக்குதான், புவிசார் குறியீடு வாங்கின ஊருதான். உன்னாண்ட வந்தா அது சுவத்துல சாஞ்சிக்கினு நிக்கும், மீசைக்காரன் பக்கத்துல நின்னு அத்தப் பாத்துக்கினு இருப்பான், அவ்ளோதான்.

நம்ப பக்கத்துல குந்துற சங்கீதமே கெடையாதுன்னு சொல்ல வரல. வீணை குப்பையர் கூப்புட்டு தியாகய்யரே திருவொற்றியூருக்கு வந்து, திரிபுரசுந்தரி மேல அஞ்சு கீர்த்தனை பண்ணிட்டுப் போனாரு. அதுக்கும் முன்னாடி மணலியில தீட்சிதர் குடும்பம் இருந்துச்சு. இப்ப உன் ஊட்டுக்காரி கம்பெனி பஸ்ல எறங்குற அதே மணலிதான், அப்போ சிம்னி கெடையாது. கோட்டையில வெள்ளக்காரன் பேண்டு அடிச்சத கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுக்கெல்லாம் சம்ஸ்கிருதத்துல நோட்டுஸ்வரம் எழுதினாரு. தம்பி பாலுசுவாமி ஒரு படி மேல போயி, மணலி முதலியார் ஏற்பாட்டுல வெள்ளக்காரன்கிட்டயே பிடில் கத்துக்கினாரு. சீமையில நின்னுக்கினு தாடையில வச்சி வாசிச்ச பிடிலு, நம்ப சங்கீதத்துல சேந்ததும் கீழ எறங்கி, தலைய வாசிக்கிறவன் கால்ல வச்சி குந்திக்கிச்சு. கப்பல்ல வந்த பிடிலு குந்தக் கத்துக்கிச்சு. உன் பார்சல்ல வந்தவன் எவனும் கத்துக்கல.

ஆனா பாரு, நம்ப ஊருல எல்லாச் சங்கீதமும் குந்தல. குந்த வுடல. சாமி பொறப்பாட்டுக்கு நாயனமும் தவிலும் நின்னுக்கினே, நடந்துக்கினே வாசிச்சாங்க. மேடையில ஏறி பாட்டுக்காரங்களுக்கு சமமா குந்தி வாசிக்கிற மரியாதை நாகஸ்வரத்துக்குச் சும்மா வரல. அத்த அடம் புடிச்சி வாங்கினவங்கள்ல பெரிய ஆளு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. பறை அடிக்கிறவனுக்கு அந்த மேடையும் இல்ல, வாசப்படியும் இல்ல. தெரு முனையில நில்லு, அங்கியே அடி, துட்டு வாங்கிக்கினு கெளம்பு. யாரு குந்தணும், யாரு நிக்கணும்னு எவனோ முன்னாடியே டிக்கெட்டு கிழிச்சி வச்சிட்டான். எத்தினியோ பேரு நின்னு நின்னு காலு மரத்துப் போனாங்க. உன் பொம்மைக்குக் காலு மரக்காது, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

இப்ப புரியுதா நான் எங்க வர்றேன்னு? உன் பொம்மைங்க எல்லாம் நம்ப ஆளுங்கடா. நிக்கப் பொறந்தவனுங்க. இவனுங்களுக்கு சபா ஆவாது, ராயபுரத்துல ஒரு சாவு ஊட்டு வாசல்தான் ஆவும். பறை, தவில், நாயனம், பேண்டு செட்டு. ஒருத்தனும் காலை மடக்க வேண்டாம், ஒரு மூட்டும் கழலாது. அந்தச் சாமான எவனும் வார்த்து விக்கல, அதனால கொரியர் வராது. கொரியர் வராட்டி பொய்யும் வேணாம். ஊட்டுக்காரிக்கு நேராவே செய்யலாம்.

பறையிலேர்ந்து ஆரம்பி. நெசப் பறை ஏறக்குறைய முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் அகலம். பன்னெண்டால வகு. மூணு. மூணு சென்டிமீட்டர்ல வட்டமா, வெளிம்பு மடங்கினதா இன்னா கீது நம்ப தெருவுல? சோடா மூடி! டாஸ்மாக் வாசல்ல குனிஞ்சா ஒரு ஜமாவுக்கே பொறுக்கலாம், யாராவது பாத்தா உன்னத்தான் தப்பா நெனப்பாங்க, அத்த நான் பாத்துக்குறேன். நடுவுல இருக்குற தகட்ட வெட்டி எடுத்துடு, வளையம் மட்டும் நிக்கணும். ஏன்னா பறைக்குப் பின்பக்கம் தெறப்பு, ஒரு பக்கம்தான் தோலு. பல்லு பல்லா இருக்குற வெளிம்ப குறடால அமுக்கி, உப்புத்தாள் போட்டு வழிச்சிட்டு, செம்மண்ணு நெறத்துல பெயின்ட் அடி. நெசப் பறைக்கு வேப்பமரக் கட்டை, வளைச்ச துண்டுகளச் சேத்து வட்டமாக்குவாங்க. அந்தச் சேக்குற எடத்துக்கு சின்னதாக் கோடு போட்டா தெரிஞ்சவன் பாத்து சிரிப்பான்.

தோலுக்கு இன்னா பண்ணுவ? கன்னுக்குட்டித் தோல இந்த அளவுக்குச் சீவ முடியாது. பலூன். வெள்ளை பலூன், இல்லாட்டி மங்கின மஞ்சா. அகலமா வெட்டி மூடி மேல இழுத்துப் புடிச்சி, பின்னாடி பசை வச்சி ஒட்டு. நெசத்துல புளியங்கொட்டைப் பசை போடுவாங்க, நீ ஃபெவிக்கால் போட்டாலும் நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். காஞ்ச அப்பால வெரலால சுண்டு. சத்தம் வரும்! உன் ஷோகேஸ்ல கீற அத்தினி கிதாரும் சேந்து இது வரைக்கும் ஒரு சத்தம் குடுத்துக்கீதா? ஒண்ணு மட்டும் செய்யாத. ஆளுங்க அடிக்கறதுக்கு முன்னாடி பேப்பரக் கொளுத்திப் பறையக் காட்டுவாங்க, தோலு விறைக்கறதுக்கு. நீயும் கலையார்வத்துல அத்த செஞ்சிறாத. ரப்பர் உருகி வெரல்ல ஒட்டிக்கும்.

குச்சி ரெண்டும் ரெண்டு மாதிரி. கட்டையா, தடியா இருக்குறது அடிகுச்சி. மெல்லிசா, நீளமா இருக்குறது சிண்டு. ரெண்டையும் ஒரே அளவுல வச்சின்னு வையி, பறை தெரிஞ்ச எவன் வந்தாலும் ஊட்டுக்குள்ள வராம அப்படியே திரும்பிடுவான். அடிகுச்சிக்குத் தீக்குச்சி. சிண்டுக்கு மூங்கில், ஊதுபத்திக் குச்சிய நெடுக்கப் பொளந்தா ஆச்சு. உன்னாண்ட கீற சிப்பாய் பொம்மையோட துப்பாக்கி புடிக்கிற கை கீது பாரு, ஆள்காட்டி வெரல் கொக்கி போட்டுக்கினு, அது சிண்டு புடிக்கறதுக்குன்னே வார்த்தது. அமெரிக்காக்காரனுக்கே தெரியாது.

பலூன்னு சாதாரணமாச் சொல்லிட்டேன். உனக்கு அதோட ஜாதகம் தெரியுமா? 1946-ல நம்ப திருவொற்றியூருல ஒரு கொட்டாயில மாம்மன் மாப்பிள்ளைன்னு ஒருத்தரு பசங்களுக்கு விளையாட்டு பலூன் பண்ணி விக்க ஆரம்பிச்சாரு. அந்தக் கொட்டாய்தான் அப்பால ரப்பரு, டயருன்னு வளந்து எம்.ஆர்.எஃப். ஆச்சு. அதே எம்.ஆர்.எஃப். 1987-ல ஹாஸ்ப்ரோவோட கூட்டு சேந்து ஃபன்ஸ்கூல்னு பொம்மைக் கம்பெனி வச்சிச்சு. ஜி.ஐ.ஜோவ இந்தியாவுலயே வார்த்துச்சு. உங்கப்பன் சின்னப் புள்ளையில அதுக்குத்தான் தரையில பொரண்டு அழுதான், நான்தான் வாங்கிக் குடுத்தேன். அமெரிக்காவுல வந்த சிப்பாய்க்கு ஒரு நெறம்னா நம்ப ஃபன்ஸ்கூல் சிப்பாய்க்கு வேற நெறம், பச்சை இருக்க வேண்டிய எடத்துல மஞ்சா, ஊதான்னு ஹோலி கொண்டாடிட்டு வந்த பட்டாளம். அத்தத்தான் இன்னைக்கு வெளிநாட்டுல தேடித் தேடி வாங்குறானுங்களாம். நீ அவன் கிதாருக்கு ஏங்குற, அவன் நம்ப மஞ்சா சிப்பாய்க்கு ஏங்குறான். நடுவுல கொரியர்காரன் ஊடு கட்டுறான்.

தவிலுக்கு வா. பலாக்கட்டை, ஒண்ணரை அடிக்குக் கொஞ்சம் கம்மி. வகுத்தா மூணரை சென்டிமீட்டர் வரும், ஒரு பழைய நூல்கண்டு உருளை போதும். அதுல பாக்க வேண்டியது வலது கை. வெரல்ல கூடு மாட்டிக்கினு அடிப்பாங்க. அந்தக் கூடு உன் கணக்குல கடுகு அளவுதான் வரும். கடுகையே ஒட்டிடு. எறும்பு வந்தா ஓட்டிக்கோ. எடது கையில பூவரசங் குச்சி, அதுக்கு இன்னொரு தீக்குச்சி. தோள்ல மாட்டுற வாருக்கு பழைய ரிஸ்ட் வாட்ச்சு பட்டையக் கிழி.

நாயனம்தான் கஷ்டம், அதுலதான் உன் சாமர்த்தியம் தெரியும். பாரி நாயனம் ஏறக்குறைய தொண்ணூத்தஞ்சு சென்டிமீட்டர். வகுத்தா எட்டு. பொம்மை ஒசரத்துல பாதி! அவ்ளோ நீளமான்னு நெனைக்காத, நெசத்துலயும் அப்படித்தான். ஊதுறவன் நின்னா வாயிலேர்ந்து முட்டிக்கு எறங்கும். நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல கடைவாங்க, 2022-ல அதுக்கும் புவிசார் குறியீடு குடுத்தாங்க. நீ பெயின்ட் பிரஷ்ஷோட காம்ப எடு, அது தானாவே ஒரு பக்கம் சிறுத்து வரும். கீழ அணசுக்கு ஒரு ஜிமிக்கி. தங்கசாலைத் தெருவுல ஃபேன்ஸி கடையில கெடைக்கும், ஊட்டுல கீறத எடுத்துக் கழட்டாத. மேல சீவாளிக்குக் காஞ்ச புல்லு. அவ்ளோதானான்னு கேட்டா, இல்ல. நாயனத்துல கழுத்தாண்ட ஒரு கொத்து தொங்கும் பாத்துக்கீறியா? ஒரு சீவாளி மக்கர் பண்ணா மாத்திக்க வேற சீவாளிங்க, அத்த சரி பண்ண ஊசி, எல்லாம் நூல்ல கோத்து தொங்கும். வாத்தியத்தோட உதிரி சாமான். நீ பைத்தியமா அலையிறியே துணைச் சாமான், துணைச் சாமான்னு, அந்தத் துணைச் சாமானுக்கே ஒரு துணைச் சாமான் நம்பளாண்ட கீது. அந்தக் கொத்த மட்டும் ஒழுங்காத் தொங்க வுட்டின்னா உன் செட்டுல இருக்குறவன் வித்துவானு. இல்லாட்டி ஓட்டைக் குழாயப் புடிச்சிக்கினு நிக்கிறவன்தான்.

பேண்டு செட்ட நான் ரொம்பச் சொல்ல வேணாம், நீயே பண்ணிடுவ. பெரிய டிரம்முக்கு சின்ன ஷூ பாலிஷ் டப்பா. சைடு டிரம்முக்கு இருமல் மருந்து மூடி. டிரம்பெட்டுக்கு வளைச்ச பித்தளைக் கம்பி. யூனிபாரம் மட்டும் செவப்புல தோள்ல மஞ்சா ஜரிகையோட இருக்கணும், ஒருத்தனுக்கு பேன்ட்டு நீளமாவும் இன்னொருத்தனுக்குக் குட்டையாவும் இருக்கணும். எல்லாருக்கும் சரியா இருந்தா அது போலீஸ் பேண்டு.

"அப்போ வாங்கின கிதாருங்க?"ன்னு மூஞ்சத் தூக்குற. தூக்காத. 2018 ஜனவரியில கீழ்ப்பாக்கத்துல 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறினப்போ இன்னா பண்ணாங்க? சினிமா டைரக்டர் பா.ரஞ்சித்தோட நீலம் அமைப்பும் இசையமைப்பாளர் டென்மாவும் சேந்து உண்டாக்கின கோஷ்டி. கானா பாடுறவங்களும் ராப் பாடுறவங்களும் ஒண்ணா நின்னாங்க. கிதாருக்குப் பக்கத்துல பறை, சட்டி, கட்ட மோளம். தெரு முனையில நிக்க வச்ச சாமான் எல்லாம் கோட்டு சூட்டு போட்டுக்கினு மைக் முன்னாடி வந்துச்சு. அப்பவும் யாரும் குந்தல, கவனிச்சியா? இந்த தபா நிக்கச் சொல்லி எவனும் சொல்லல, அவங்களாவே நின்னாங்க. அந்தப் பள்ளிக்கூடத்துப் பொண்ண கிதாரோட தவிலுக்கு இந்தாண்ட நிறுத்து. மீசைக்காரன் மைக்கோட நடுவுல. அவன்தான் கானா. குரல் வளம் கீது, உள்ளங்கைய விரிச்சா பாதி ராயபுரம் கூட வந்து நிக்கும்.

துப்பாக்கி எல்லாம் மிச்சம் ஆவும். அத்தத் தூக்கி எறியாத, எதுத்த ஊட்டுப் பசங்களாண்ட குடுத்து சோடா மூடியா வாங்கிக்கோ. நல்ல ரேட்டு வரும்.

இன்னும் ஒரு ஆளு கொறையிறான் பாரு. இத்தினி பேரு அடிக்கிறாங்க, ஊதுறாங்க, ஒருத்தன் பாடுறான். யாரு செத்தது? பொணம் இல்லாம சாவு செட்டு ஏது? அதுக்கும் வெளிய போவ வேணாம். உங்கப்பனோட ஃபன்ஸ்கூல் சிப்பாய் என் தகரப் பொட்டியில கீறான். அந்தக் காலத்து ஜி.ஐ.ஜோவுக்கு இடுப்புக்குள்ள ஒரு ரப்பர் வளையம், மேல் ஒடம்பையும் காலையும் அதுதான் புடிச்சிக்கினு இருக்கும். வருஷம் ஆக ஆக ரப்பர் காஞ்சி அத்துக்கும். இவனுக்கும் அத்துக்கிச்சு. மேலபாதி தனி, கீழபாதி தனி. பொரட்டிப் பொரட்டி எல்லாரையும் குந்த வைக்கப் பாத்தியே, இவன வை. கீழபாதிய எடுத்து ஓரமாப் போட்டுட்டு, பூமாலைக்குள்ள சாத்தி வச்சா அழகாக் குந்துவான். மொத்த செட்டுலயும் குந்துற பாக்கியம் இவன் ஒருத்தனுக்குத்தான்.

இவன் மூணே முக்கா இன்ச்சு, மத்தவங்க ஆறு இன்ச்சு, அளவு ஒதைக்குமேன்னு கணக்கு பாக்காத. செத்தா மனுஷன் கொஞ்சம் சுருங்கத்தான் சுருங்குவான். நீ மாலைக்கு ரோஜா இதழ் ரெடி பண்ணு, நான் பாடைக்கு ஐஸ் குச்சி பொறுக்கித் தர்றேன். உன் ஊட்டுக்காரி வந்து பாத்துட்டு "இதான் உங்க கொலுவா?"ன்னு கேட்டா என்னக் கை காட்டாத. நான் அப்போ காசிமேட்டுல கருவாடு வாங்கப் போயிருப்பேன்.